பழைய கார்ட்டூன் படத்தை மூலநூலோடு வைத்து மறுபடி பார்ப்பது எப்படி? ‘ஜங்கிள் புக்’ வழியாக ஒரு முழுமையான வழிகாட்டி

சின்ன வயதில் பார்த்த அனிமேஷன் படத்தை, வளர்ந்த பிறகு அதன் மூலநூலோடு சேர்த்துப் பார்க்க உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். நூலை முதலில் படித்துவிடுகிறார்கள். பிறகு படத்தைப் போட்டு, ‘இது நூலில் இல்லை, அது நூலில் வேறு மாதிரி’ என்று விரல்விட்டு எண்ணத் தொடங்குகிறார்கள். அரை மணி நேரத்தில் கைவிரல் தீர்ந்துவிடும், ஆர்வமும் தீர்ந்துவிடும்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு நண்பர்கள் சிலரோடு உட்கார்ந்து வரிசையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததில் கடைசியில் தேறியது இதுதான்: நினைவு, படம், நூல், மறுபடி படம். இந்த வரிசையில் ஒன்றை முன்னே தூக்கி வைத்தாலும் மற்றது கெடுகிறது. ஏன் என்று அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே படம்: 1967-இல் வெளிவந்த டிஸ்னியின் ‘ஜங்கிள் புக்’. மூலம், ஆங்கில எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங் 1894-லும் 1895-லும் வெளியிட்ட இரண்டு கதைத் தொகுப்புகள். வேறு படம் எடுத்துக்கொண்டால் எந்தப் படி மாறும் என்பது கடைசிப் பகுதியில் இருக்கிறது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

படம் 78 நிமிடம். இரண்டு முறை பார்க்க வேண்டும். நூலில் நான்கு கதைகள் படிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிக்க நினைக்காதீர்கள். பத்து நாளில் பரப்பி வைத்துக்கொண்டால் போதும். படத்துக்கும் நூலுக்கும் நடுவே ஓர் இரவாவது போகட்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, எது எதிலிருந்து வந்தது என்பதே மறந்துவிடும்.

ஒரு நோட்டுப் புத்தகம், பேனா. கைப்பேசியில் குறிப்பெடுக்க வேண்டாம். குறிப்பெடுக்கக் கையில் எடுத்த கைப்பேசி குறிப்போடு நின்றதை நான் இதுவரை பார்த்ததில்லை.

1. முதலில் நினைவுத் தாள்

படத்தைத் தேடுவதற்கு முன்பே, அதைப் பற்றி உங்களுக்கு நினைவிருப்பதை ஒரு பக்கம் எழுதுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். எந்தக் காட்சி, எந்த நிறம், யாருக்குப் பயந்தீர்கள், எங்கே சிரித்தீர்கள், முடிவு எப்படி இருந்தது என்பவை போதும். எழுதி, தேதி போட்டு, மடித்து வையுங்கள்.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம், நினைவு திரும்பி வராத சரக்கு. படம் ஓடத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்திலேயே, ‘ஆமாம், இது எனக்கு ஞாபகம் இருந்ததே’ என்று மனம் பொய் சொல்ல ஆரம்பித்துவிடும். அதற்குப் பிறகு பழைய நினைவு எது, இப்போது பார்த்தது எது என்று பிரிக்கவே முடியாது.

இந்தப் படத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. கதையின் நாயகன் மௌக்ளி, ஓநாய்கள் வளர்த்த சிறுவன். தொண்ணூறுகளில் தூர்தர்ஷனில் அவனைப் பார்த்து வளர்ந்தவர்களின் தாளில், மௌக்ளி கையில் பூமராங் இருக்கும். அது டிஸ்னி படமே இல்லை. 1989-இல் ஜப்பானில் தயாரான 52 பகுதித் தொடர், இந்திப் பாட்டோடு இங்கே வந்தது. இன்னும் இளையவர்களின் தாளில் 2016-இல் வந்த படத்தின் காட்சிகள் கலந்திருக்கும். கலந்திருந்தால் திருத்தாதீர்கள். எது எதோடு கலந்தது என்பதே பின்னால் எழுதுவதற்கு நல்ல விஷயம்.

2. சரியான பிரதியைப் பிடிப்பது

தேடினால் இதே பெயரில் பல படங்கள் வரும். 1967 என்ற ஆண்டையும் இயக்குநர் வுல்ஃப்காங் ரைதர்மான் என்ற பெயரையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். யாரோ வெட்டி ஒட்டிப் பதிவேற்றிய துண்டுகள் வேண்டாம். அவற்றில் பாட்டுகள் மட்டும் இருக்கும், பாட்டுகளுக்கு நடுவே இருக்கிற பயம் இருக்காது.

அடுத்து சட்டம், அதாவது படத்தின் நீள அகலம். அக்காலத்தில் பல கார்ட்டூன் படங்களைப் பழைய தொலைக்காட்சித் திரையை ஒத்த, சதுரத்துக்கு நெருங்கிய சட்டத்தில் வரைந்து, திரையரங்கில் மேலும் கீழும் மறைத்து அகலமாகக் காட்டினார்கள். இந்தப் படமும் அப்படியே. அதனால் ஒரு பிரதியில் தலைக்கு மேல் வெளி நிறைய இருக்கும், இன்னொன்றில் நெருக்கமாக இருக்கும். இரண்டில் எதையும் பார்க்கலாம். ஆனால் இரண்டு முறையும் அதே பிரதியையே பாருங்கள். மாற்றினால், ‘இந்தக் காட்சியை ஏன் இவ்வளவு நெருக்கமாக வைத்தார்கள்’ என்று இல்லாத கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

மூன்றாவது, மொழி. தமிழ் டப்பிங்கில் பார்த்து வளர்ந்தவர் முதல் முறை அதிலேயே பார்க்கட்டும். இரண்டாம் முறை மட்டும் மூலக் குரலில் பார்த்தே ஆக வேண்டும். இது ஆங்கிலப் பற்று அல்ல. டிஸ்னி கார்ட்டூனில் குரலைப் பதிவு செய்த பிறகுதான் வரைவார்கள். ஷேர் கான் என்ற புலிக்குக் குரல் கொடுத்த ஜார்ஜ் சாண்டர்ஸின் அலட்சியமான பேச்சும் முகச் சாயலும், ஓவியர் மில்ட் கால் வரைந்த அந்தப் புலியின் புருவத்திலும் மோவாயிலும் இருக்கின்றன. குரலை மாற்றினால் அந்தப் புருவம் யாருக்காகத் தூக்கப்பட்டது என்பது தெரியாமல் போகும்.

3. நிறுத்தாமல் ஒரு முறை

முதல் முறை பார்க்கும்போது நிறுத்தக் கூடாது, எழுதக் கூடாது. படத்தின் வேகம் என்ன, எங்கே இழுக்கிறது, எங்கே ஓடுகிறது என்பதை உடம்பால் மட்டுமே அளக்க முடியும். நிறுத்தி நிறுத்திப் பார்த்தவரிடம் கேட்டால் எல்லாக் காட்சியும் ஒரே நீளமாக இருந்தது போலச் சொல்வார்.

முடிந்ததும் நான்கே வரி: எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தேன், எங்கே கவனம் சிதறியது, நினைவுத் தாளில் இருந்து எது காணோம், எது எதிர்பாராமல் வந்தது. ஷேர் கான் பாதிப் படம் தாண்டிய பிறகே திரைக்கு வருகிறான் என்பது அநேகமாக எல்லோருக்கும் அதிர்ச்சியாக இருக்கும். நினைவில் அவன் முழுப் படத்தையும் ஆக்கிரமித்திருப்பான்.

குழந்தைகளோடு பார்ப்பவர்கள் இந்தப் படியில் வாயே திறக்காமல் இருங்கள். ‘நூலில் இப்படி இல்லை தெரியுமா’ என்று ஒரு முறை சொன்னாலும் அந்தப் பிள்ளைக்குப் படம் போய்விடும், உங்களுக்கும்தான்.

4. காட்சி வரிசை, அதிலிருந்து முதுகெலும்பு

மறுநாள், படத்தைப் போடாமலே காட்சிகளை வரிசையாக எழுதுங்கள். தடுமாறும் இடத்தில் மட்டும் ஓட்டிப் பார்த்துச் சரிசெய்யுங்கள். எனக்கு வந்த வரிசை இது. உடைந்த படகில் கூடைக்குள் குழந்தையைப் பகீரா என்ற கருஞ்சிறுத்தை கண்டெடுக்கிறது. ஓநாய்கள் வளர்க்கின்றன. புலி திரும்பி வந்துவிட்ட செய்தி, பையனை மனிதர் ஊருக்கு அனுப்ப ஓநாய்கள் எடுக்கும் முடிவு. இரவில் மரத்தின் மேல் கா என்ற மலைப்பாம்பு. காலையில் யானைகளின் அணிவகுப்பு. பலூ கரடி. குரங்குகள் தூக்கிப் போவது, அவற்றின் அரசனான லூயி ராஜாவின் ஆட்டம். பகீராவும் பலூவும் இரவில் பேசுவது, பையன் ஓடிப்போவது. மறுபடி கா, அதன் வாலைப் பிடித்து இழுக்கும் ஷேர் கான். கழுகுகள். மின்னல், நெருப்பு, சண்டை. கடைசியில் குடத்தோடு தண்ணீருக்கு வரும் சிறுமி.

இதை எழுதி முடித்ததும் ஒவ்வொரு காட்சிக்கும் பக்கத்தில் ஒரே கேள்வியை எழுதுங்கள்: எதிரே இருப்பவருக்குப் பையனிடம் என்ன வேண்டும்? பாம்புக்கு அவன் இரை. யானைப் படைக்கு வரிசையில் நிற்க ஓர் ஆள். பலூவுக்குத் தன்னைப் போலவே சோம்பித் திரிய ஒரு குட்டி. லூயிக்கு நெருப்பின் ரகசியம். கழுகுகளுக்கு ஒரு கூட்டாளி. ஒவ்வொருவரும் ‘எங்களில் ஒருவனாகிவிடு’ என்கிறார்கள் அல்லது தங்களுக்கு வேண்டியதைக் கேட்கிறார்கள். பையனும் ஒவ்வொருவரையும் பார்த்து அப்படியே செய்கிறான். யானைக்குட்டி பின்னால் நான்கு காலில் நடக்கிறான், கரடி போல உறுமுகிறான், குரங்கு போல ஆடுகிறான். கடைசிச் சிறுமி மட்டும் எதுவும் கேட்பதில்லை. குடத்தை நழுவ விடுகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், அவ்வளவுதான். அவள் பின்னால் போகிறான்.

இதுதான் படத்தின் முதுகெலும்பு: பையன் ஊருக்குப் போவானா, மாட்டானா? நூலைத் திறப்பதற்கு முன்பே இதை ஒரு வரியில் எழுதி வைத்துவிட வேண்டும். இந்த ஒரு வரி கையில் இல்லாமல் நூலுக்குப் போகிறவர்கள்தான் வித்தியாசப் பட்டியலோடு திரும்பி வருகிறார்கள். பட்டியல் எத்தனை நீளமாக இருந்தாலும் அதைத் தொங்கவிட ஓர் ஆணி வேண்டும்.

5. நூலுக்குள் போவது: எந்தக் கதை, எந்த வரிசை

‘ஜங்கிள் புக்’ ஒரு நாவல் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். முதல் தொகுப்பில் ஏழு கதைகள். அவற்றில் மூன்றில்தான் மௌக்ளி வருகிறான். மற்றவற்றில் வெள்ளைக் கடல்நாய் (சீல்), கீரிப்பிள்ளை, யானைப்பாகன் மகன் என்று வேறு வேறு உலகங்கள். இரண்டாம் தொகுப்பில் எட்டுக் கதைகள், ஐந்தில் மௌக்ளி. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கத் தொடங்கியவர்களில் பாதிப்பேர் நான்காவது கதையில் பனிக்கடலில் மாட்டிக்கொண்டு, ‘மௌக்ளி எங்கே?’ என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

படிக்க வேண்டியவை நான்கு. ‘மௌக்ளியின் சகோதரர்கள்’, ‘காவின் வேட்டை’, ‘புலி! புலி!’ ஆகிய மூன்றும் முதல் தொகுப்பில் இருக்கின்றன. நான்காவது, இரண்டாம் தொகுப்பின் கடைசிக் கதையான ‘வசந்த ஓட்டம்’. இந்த வரிசையிலேயே படியுங்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: இரண்டாவது கதையில் நடப்பவை முதல் கதையின் முடிவுக்கு முன்னால் நடந்தவை. ஓநாய்க் கூட்டத்தை விட்டுப் போன பையன் அடுத்த கதையில் எப்படி மறுபடி பலூவிடம் பாடம் படிக்கிறான் என்று குழம்ப வேண்டாம்.

தமிழில் படிப்பதானால் கையில் இருப்பது முழு மொழிபெயர்ப்பா, சிறுவர் சுருக்கமா என்று முதலில் பாருங்கள். அட்டை சொல்லாது. மூன்று இடங்களைத் தேடினால் தெரிந்துவிடும். ஓநாய்ச் சபையில் பையனின் உயிருக்கு ஈடாகப் பகீரா ஒரு காளையைக் கொடுக்கிறதா? பகீராவின் தாடைக்குக் கீழே கழுத்துப்பட்டை தேய்ந்த தழும்பு இருக்கிறதா, உதயப்பூர் அரண்மனைக் கூண்டில் பிறந்த கதை வருகிறதா? புலியின் தோலை மௌக்ளி உரித்துச் சபைப் பாறையில் விரிக்கிறானா? மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் அது சுருக்கம். வேறு பிரதி தேடுங்கள். கிப்ளிங் 1936-இல் இறந்துவிட்டதால் ஆங்கில மூலம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

படிக்கும்போது படத்தை நினைத்துக்கொண்டே படிக்காதீர்கள் என்று சொன்னால் அது நடக்காத காரியம். பதிலாக, படத்தில் இல்லாத ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கானகச் சட்டம். நூலின் பலூ ஆட்டக்காரன் இல்லை, கானகச் சட்டத்தைச் சொல்லிக்கொடுக்கும் வயதான வாத்தியார். அடித்துப் பாடம் நடத்துகிறவர். ஒவ்வோர் உயிரின் மொழியிலும் ‘நாம் ஒரே ரத்தம்’ என்று சொல்லும் சொற்களை மௌக்ளி அவரிடம்தான் கற்கிறான். குரங்குகள் தூக்கிப் போகும்போது பருந்திடம் பறவைச் சொல்லால் செய்தி அனுப்பித் தப்புகிறான். பாழ் நகரத்தில் நாகங்கள் நடுவே விழுந்தபோது பாம்புச் சொல்லால் பிழைக்கிறான். படத்துப் பையன் எதிரில் இருப்பவரைப் போல நடிக்கிறான். நூலின் பையன் எதிரில் இருப்பவரின் மொழியைப் பேசுகிறான். இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஒன்றில்லை.

6. மாற்றங்களை நான்காகப் பிரிப்பது

ஒரு பக்கத்தை மூன்று பத்தியாகக் கோடு போடுங்கள். படம், நூல், ஏன். மூன்றாவது பத்தியை இப்போதைக்குக் காலியாக விடுங்கள். ஐந்து மாற்றங்களுக்கு மேல் எடுக்காதீர்கள். ஐம்பது எடுத்தால் மூன்றாவது பத்தி காலியாகவே இருந்துவிடும்.

எடுக்கும் மாற்றத்தை நான்கில் ஒன்றாகக் குறியுங்கள்: விட்டது, சேர்த்தது, இடம் மாற்றியது, தலைகீழாக்கியது.

விட்டதற்கு, போன படியில் பார்த்த கானகச் சட்டம். சேர்த்ததற்கு லூயி ராஜா என்ற ஓராங்குட்டான். கிப்ளிங்கின் குரங்குக் கூட்டத்துக்கு அரசனே கிடையாது. தலைவன் இல்லாததும், தொடங்கியதை முடிக்காததும்தான் அவற்றின் குணம். அதோடு ஓராங்குட்டான் போர்னியோ, சுமத்ரா காடுகளில் வாழும் உயிர். கதை நடக்கும் மத்திய இந்தியாவின் சிவனி மலைப்பக்கம் அதற்கு என்ன வேலை?

தலைகீழாக்கியதற்குக் கா. நூலில் முப்பது அடி நீளமுள்ள அந்த மலைப்பாம்புதான், குரங்குகளிடமிருந்து மௌக்ளியை மீட்கப் போகிறது. அதன் பசி நடனத்தில் மயங்குகிறவை குரங்குகள். படத்தில் மயங்குகிறவன் மௌக்ளி. ஷேர் கானும் இந்த வகைதான். நூலில் பிறவியிலேயே ஒரு கால் ஊனம், பெற்ற தாயே நொண்டி என்று அழைத்த புலி. ஊர் மாடுகளை அடித்துத் தின்று பிழைப்பவன். படத்தில் எந்தக் குறையும் இல்லாத கனவான்.

இடம் மாற்றியதற்கு நெருப்பு. நூலில் மௌக்ளி தானே ஊருக்குள் இறங்கி, நெருப்புச் சட்டியைப் பறித்து வந்து, நாள் முழுக்க அதற்குச் சுள்ளி போட்டுக் காத்து, சபையில் புலியை அடித்து விரட்டுகிறான். அது முதல் கதை. புலியின் சாவு மூன்றாவது கதையில், எருமை மந்தையின் காலடியில். படம் நெருப்பைக் கடைசிச் சண்டைக்குக் கொண்டுபோகிறது. அதுவும் மின்னல் விழுந்து கிடைத்த நெருப்பு.

இங்கே வழக்கமாக நடக்கும் இரண்டு தவறுகள். முதலாவது, பெயரை வைத்துப் பொருத்துவது. படத்தில் தந்தை ஓநாயின் பெயர் ராமா. நூலில் ராமா என்பது எருமை மந்தையின் தலைவன். இரண்டாவது தவறு, குடத்துச் சிறுமியைச் ‘சேர்த்தது’ என்று எழுதிவிடுவது. அந்தச் சிறுமிக்கு நூலில் விதை இருக்கிறது. ‘வசந்த ஓட்டம்’ கதையில் வெள்ளைத் துணி உடுத்திய ஓர் இளம்பெண் ஊர்ப்பக்கத்துப் பாதையில் வருகிறாள். மௌக்ளி கைக்கெட்டும் தூரத்தில் பயிருக்குள் மறைகிறான். பேயைப் பார்த்தோம் என்று அவள் அலறுகிறாள். நான்காவது கதையையும் படியுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். அதைப் படிக்காமல், ‘கடைசிக் காட்சி டிஸ்னியின் கற்பனை’ என்று எழுதியவர்களில் நானும் ஒருவன்.

7. ‘ஏன்’ என்ற பத்தியை நிரப்புவது

இதுதான் மொத்த வேலையின் நடுப்பகுதி. இங்கே அவசரப்பட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் வந்துவிடும்: ‘குழந்தைகளுக்காக மாற்றினார்கள்.’ அந்தப் பதிலை இந்தப் பக்கத்தில் தடை செய்யுங்கள். அது பொய் இல்லை. ஆனால் எந்த மாற்றத்துக்கும் பொருந்துவதால் எதையும் விளக்காது.

பதிலாக நான்காவது படியில் எழுதிய ஒரு வரியை எடுங்கள். பையன் ஊருக்குப் போவானா, மாட்டானா? இப்போது மாற்றங்களை அதன் பக்கத்தில் வையுங்கள். நூலில் உள்ளபடி அவனே ஊருக்குப் போய் நெருப்பை எடுத்து வந்தால், படத்தின் கேள்வி பாதியிலேயே தீர்ந்துவிடும். அதனால் நெருப்பு வானத்திலிருந்து விழ வேண்டியிருக்கிறது. பலூ வாத்தியாராகவே இருந்தால் அவரும் பகீராவும் ஒரே பக்கம் நிற்பார்கள். ‘இங்கேயே இரு’ என்று இழுக்க ஓர் ஆள் வேண்டும், எனவே பலூ சோம்பேறியாகிறார். பொறுப்பெல்லாம் பகீரா தலையில். புலி பாதிப் படத்துக்குப் பிறகே வருகிறான், அதுவரை காட்டில் ஆபத்து உண்டு என்று காட்ட யாராவது வேண்டும், அந்த வேலை காவுக்கு. ஒரே ஆணியில் மூன்று மாற்றங்கள் தொங்குகின்றன.

உள்காரணம் தேறிய பிறகுதான் வெளிக்காரணம் தேட வேண்டும். படத் தயாரிப்பு வரலாற்றில் இதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. முதலில் பில் பீட் எழுதிய வடிவம் நூலுக்கு நெருக்கமாக, இருட்டாக இருந்தது. வால்ட் டிஸ்னிக்கு அது பிடிக்கவில்லை, பீட் ஸ்டுடியோவையே விட்டுப் போனார். புதிதாக எழுத வந்த லாரி கிளெமன்ஸிடம் நூலைக் கொடுத்து, இதைப் படிக்காமல் இருப்பதுதான் உன் முதல் வேலை என்ற பொருளில் டிஸ்னி சொன்னதாக ஸ்டுடியோக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். டெர்ரி கில்கிசன் எழுதிய பாட்டுகளில் பலூ பாடும் ஒன்று மட்டும் நின்றது, மற்றவற்றை ஷெர்மன் சகோதரர்கள் புதிதாக எழுதினார்கள். 1966 டிசம்பரில் டிஸ்னி இறந்தார். படம் 1967 அக்டோபரில் வந்தது.

இந்தத் தகவல்களை முதலில் படித்துவிட்டால் என்ன ஆகும்? ‘டிஸ்னி அப்படி விரும்பினார்’ என்பதே எல்லாவற்றுக்கும் பதிலாகிவிடும். ‘குழந்தைகளுக்காக’ என்பதன் இன்னொரு வடிவம் அது.

வெளிக்காரணங்களில் சங்கடமானவையும் உண்டு, அவற்றைத் தாண்டிப் போக வேண்டாம். மனிதனைப் போல ஆக ஏங்கும் குரங்கு ராஜாவுக்கு ஜாஸ் இசையைக் கொடுத்ததை, அறுபதுகளின் அமெரிக்க நிறவெறிப் பின்னணியில் வைத்துப் பலர் விமர்சித்திருக்கிறார்கள். நூலின் பக்கமும் சுத்தமில்லை. சட்டம், கீழ்ப்படிதல், மூடநம்பிக்கையில் மூழ்கிய இந்தியக் கிராமம் என்று ஒரு பேரரசுக் காலத்து மனம் அதில் பேசுகிறது. ‘நூல் உயர்ந்தது, படம் அதைக் கெடுத்தது’ என்று எழுதத் துடிக்கும் கை இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

8. மறுபடி படம், இந்த முறை துண்டு துண்டாக

இப்போது நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், ஒரு காட்சியைப் பத்து முறையும் பார்க்கலாம். முழுப் படத்தையும் ஒரு முறை மூலக் குரலில் ஓட விட்டுவிட்டு, மூன்று காட்சிகளை எடுங்கள். என் தேர்வு: ஆற்றில் பலூவின் வயிற்றின் மேல் பையன் மிதப்பது, லூயியின் ஆட்டம், ஷேர் கான் காவை விசாரிப்பது.

ஒவ்வொன்றையும் முதலில் ஒலியை அணைத்துப் பாருங்கள். ஒலி இல்லாதபோதுதான் வரைந்த கையின் வேலை தெரியும். விசாரணைக் காட்சியில் புலி கிட்டத்தட்ட அசைவதே இல்லை. ஒரு நகம் வெளியே வருகிறது, பாம்பின் கழுத்தில் மெல்லப் பதிகிறது. பாம்புதான் முழு உடம்பையும் நெளித்துப் பொய் சொல்கிறது. யாருக்கு அதிகாரம் இருக்கிறது என்பதை வசனமில்லாமலே படித்துவிடலாம். நூலின் நொண்டிப் புலியை ஏன் கைவிட்டார்கள் என்பதற்கும் பதில் இங்கேதான் கிடைத்தது எனக்கு. இந்தப் புலிக்குப் பலத்தைக் காட்டவே தேவையில்லை, அதுதான் பயம்.

கோடுகளையும் கவனியுங்கள். உருவங்களின் ஓரத்தில் கரடுமுரடான கறுப்புப் பென்சில் கோடு தெரியும். 1961-இல் வந்த டால்மேஷியன் நாய்கள் படம் முதல், ஓவியரின் பென்சில் வரைவையே நகலெடுக்கும் இயந்திரத்தால் தாளிலிருந்து ஒளி ஊடுருவும் செல்லுலாய்டுத் தகட்டுக்கு மாற்றினார்கள். முன்பு அதைக் கையால் மையிட்டு வரைந்துகொண்டிருந்தார்கள். செலவு குறைந்தது, வழவழப்புப் போனது, கையின் துடிப்பு மிஞ்சியது. இதைத் தெரியாமல் ‘பிரதி மோசம்’ என்று குறை எழுதுகிறவர்கள் உண்டு.

பழைய அசைவுகளை மறுபடி பயன்படுத்திய இடங்களும் தெரியும். ஓநாய்க் குட்டிகள் பையனை நக்கும் காட்சி, 1963-இல் அதே ஸ்டுடியோ எடுத்த ஆர்தர் அரசன் கதையில் நாய்கள் சிறுவனை நக்குவதிலிருந்து எடுத்தது. பலூவும் லூயியும் ஆடும் ஆட்டம் 1973-இன் ராபின் ஹூட் படத்தில் வேறு விலங்குகளாகத் திரும்ப வந்தது. கண்டுபிடித்தால் ஒரு வரி எழுதுங்கள், அதையே வேட்டையாக்கிவிடாதீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் அதிலேயே ஒரு மாதம் போய்விட்டார், இன்னும் திரும்பவில்லை.

9. இன்னொரு தழுவலை உரசிப் பார்ப்பது

நேரமிருந்தால் மட்டும். சோவியத் யூனியனில் சோயுஸ்முல்த்ஃபிலிம் ஸ்டுடியோ 1967 முதல் 1971 வரை ஐந்து பகுதிகளாக எடுத்த ‘மௌக்ளி’ இருக்கிறது. ஒரே நூல், ஏறத்தாழ ஒரே காலம், வேறு படம். அதில் பகீரா பெண் சிறுத்தை, கா மதிப்புக்குரிய கிழவர், சிவப்பு நாய்களின் போரும் வருகிறது. ஒரு பகுதி பார்த்தாலே போதும். டிஸ்னி மாற்றியவை எவ்வளவு ‘தவிர்க்க முடியாதவை’ என்று ஏழாவது படியில் எழுதினீர்களோ, அந்த வரிகளில் சிலவற்றை அடித்துத் திருத்த வேண்டியிருக்கும்.

இதை ஆறாவது படிக்கு முன்னால் செய்யாதீர்கள். மூன்று பொருளை ஒரே நேரத்தில் ஒப்பிட்டவர்கள் யாரும் முடித்ததாக எனக்கு நினைவில்லை.

10. இவற்றைக் கட்டுரையாக எழுத உட்காரும்போது

கிப்ளிங்கின் பிறப்பில் தொடங்காதீர்கள். ஒரு காட்சியில் தொடங்குங்கள், அதில் ஒரு மாற்றத்தைக் காட்டுங்கள், ‘ஏன்’ என்று இறங்குங்கள். ஐந்து மாற்றங்களில் மூன்றைப் பயன்படுத்தினால் போதும், மீதியைத் தூக்கிப் போடத் தயங்காதீர்கள். கதைச் சுருக்கம் ஒரு பத்தியைத் தாண்டக் கூடாது. படிக்கிறவர் படத்தைப் பார்த்திருப்பார். பார்க்காதவருக்கு உங்கள் சுருக்கம் போதாது.

இப்போது மடித்து வைத்த நினைவுத் தாளைத் திறவுங்கள். அதில் நீங்கள் தவறாக நினைவு வைத்திருந்த ஓர் இடத்தைக் கட்டுரையில் சேருங்கள். என் தாளில், பலூ செத்துப்போய்விட்டதாக எழுதியிருந்தேன். சண்டைக்குப் பிறகு பலூ அசையாமல் கிடக்கிறார், பகீரா நீண்ட இரங்கல் உரை நிகழ்த்துகிறது, உரை முடிவதற்குள் பலூ கண் திறந்து ரசித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஏழு வயதில் நான் அழுததில் அந்தக் கண் திறந்தது பதியவே இல்லை போலிருக்கிறது. என் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்கியது.

11. வேறு படத்துக்கு மாறும்போது

படிகள் அதேதான், கனம் மாறும். ‘பினோக்கியோ’ (படம் 1940, கொல்லோதியின் நூல் 1883) எடுத்தால் ஐந்தாவது படியில் நூல் முழுவதும் படிக்க வேண்டும். தொடராக வந்தது என்பதால் அத்தியாயங்கள் சிறியவை. படத்தில் முழுக்கத் துணை வரும் பேசும் சிள்வண்டை, நூலில் பினோக்கியோ நான்காவது அத்தியாயத்திலேயே சுத்தியல் எறிந்து கொன்றுவிடுகிறான். அந்த ஒரு மாற்றத்தில் தொடங்கினால் மற்றவை தானாக அவிழும்.

‘விலங்குப் பண்ணை’ (நூல் 1945, படம் 1954) எடுத்தால் வரிசையில் ஒரு மாற்றம் செய்யுங்கள். ஏழாவது படியின் வெளிக்காரணத்தை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். நூல் விலங்குகள் ஜன்னல் வழியே பார்த்து நிற்பதோடு முடிகிறது, படத்தில் அவை பன்றிகள் மேல் பாய்கின்றன. அந்தப் படத்துக்கு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ பின்னாலிருந்து பணம் கொடுத்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கதைக்குள்ளேயே காரணம் தேடினால் நோட்டு முழுக்க எழுதினாலும் பதில் வராது.

நாவல் மிக நீளமாக இருந்தால், முதல் முறை பார்த்த பிறகு கவனம் சிதறிய காட்சி எது என்று மூன்றாவது படியில் எழுதினீர்களே, அந்தக் காட்சிக்குரிய அத்தியாயத்தை முதலில் படியுங்கள். பெரும்பாலும் அங்கேதான் எதையோ வெட்டியிருப்பார்கள்.